பண்டசோழநல்லூரிலிருந்து வந்த பாட்டில்கள்

அந்த அக்கா இறந்துபோன பிறகும் எனக்குப் பாட்டில் வந்துகொண்டிருந்தது. மெசேஜும் வந்துகொண்டிருந்தது. நானும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கீங்களா அக்கா என்று கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கேன் தங்கச்சி என்று பதில் வந்திருக்கிறது.

பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. செருப்புக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆள் குறைத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்பக்கம் கொய்யா மரம் காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்தில் பப்பாளி. சமுதாயக் கூடத்தில் பழத்தில் ஜாம் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். போய்க் கற்றுக்கொண்டேன். ஜாம் நன்றாகவே வந்தது. அதை எதில் ஊற்றி விற்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். சூடாக ஊற்றினால் டப்பா நெளிந்தது. ஆறவைத்து ஊற்றினால் சில நாளிலேயே மேலே சாம்பல் பூத்தது. கண்ணாடிதான் வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே மூட வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். பாண்டிச்சேரி டவுனில் போய் விசாரித்தேன். பளபளவென்று புது பாட்டில்கள் இருந்தன. பெட்டி பெட்டியாக எடுத்தால்தான் விலை கட்டும் என்றார்கள். சில்லறையாக வாங்கினால் உள்ளே இருக்கும் ஜாமைவிடப் பாட்டில் விலை கூடுதல். கொய்யா ஜாமை அந்த விலைக்கு எங்கள் பக்கம் யார் வாங்குவார்கள்?

எங்கள் பகுதியில் கண்ணாடிக்குப் பஞ்சமே கிடையாது. வாய்க்கால் ஓரத்தில், கரும்புக் கொல்லை வரப்பில், கோயில் குளத்துப் படியில் என்று எங்கே பார்த்தாலும் பிராந்தி பாட்டில் கிடக்கும். ஆனால் அதன் வாயில் ஒரு விரல்தான் நுழையும். ஜாம் ஊற்றினால் எடுக்க முடியாது. வில்லியனூரில் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"வாய் அகலமா இருக்கறதா? அதெல்லாம் ஜனங்க வூட்லயே வெச்சிக்குவாங்கமா. பருப்பு கொட்டி வெப்பாங்க, உப்பு கொட்டி வெப்பாங்க. இங்க வராது. வந்தாலும் ஒடச்சி மூட்டையில போட்டுடுவோம், எடம் அடைக்குது."

சொல்லிக்கொண்டே காலால் ஒரு மூட்டையைத் தள்ளினார். உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டது.

பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அந்தத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று அது பெரிதாகியிருந்தது. அதில் எழுதினேன். காபித்தூள் பாட்டில், தேன் பாட்டில், ஊறுகாய் பாட்டில், கண்ணாடியில் எது இருந்தாலும் மூடியோடு கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று. பலரும் கை கூப்பிய படம் போட்டார்கள். ஒரே ஒரு நம்பரிலிருந்து பதில் வந்தது. முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம் வைத்திருந்த நம்பர்.

"என் வூட்ல இருக்குது. வேணுமா?"

அது பண்டசோழநல்லூர் அக்கா. நெட்டப்பாக்கம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து நேராகப் பஸ் இல்லை. அவர் வீட்டுக்காரர் அடிக்கடி ஏதாவது வேலையாக வில்லியனூர் போவார் என்றார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் பையைக் கொடுத்துவிட்டுப் போவார், நான் சர்க்கரை வாங்க வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் தொடங்கியது. போனில் அவர் பெயரை 'பாட்டில் அக்கா' என்று பதிந்துகொண்டேன்.

முதல் பையைப் பிரித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடமே இல்லை. மூடிகளைத் தனியாக ஒரு துணியில் முடிந்திருந்தார். எந்த மூடியிலும் ஊறுகாய் வாசனை இல்லை. பழைய பாட்டிலில் பெரிய தொல்லை அதுதான். கண்ணாடி கழுவினால் போய்விடும், மூடி மறக்காது. எப்படி அக்கா என்று கேட்டேன். எழுதாமல் குரல் மெசேஜ் அனுப்பினார்.

"தங்கச்சி, ஸ்டிக்கர நகத்தால சொரண்டாத. தேங்கா எண்ணெய தடவி வெயில்ல வெய்யி. பொறவு சாம்பல் போட்டு தேய், வழுக்கிகினு வந்துடும். மூடிக்கி எலுமிச்சந் தோலு. தேச்சி கவுத்து வெக்காத, மல்லாக்க வெய்யி, வெயிலு உள்ள எறங்கணும்."

கரகரத்த குரல், பேச்சுக்கு நடுவே சிரிப்பு. அதற்குப் பிறகு வெகுநாள் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எல்லாம் குரல்தான். காலையில் ஒரு பூப்படம், அதற்குக் கீழே ஒரு குரல். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பாட்டில் காலியாகப்போகிறது என்பதைக் கதை மாதிரி சொல்லுவார். டீச்சர் வீட்டில் காபித்தூள் இன்னும் கால்வாசி இருக்கிறது, வாத்தியாருக்குச் சர்க்கரை வந்து தேன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், மேலத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இனி அந்த வீட்டிலிருந்து சத்துமாவு பாட்டில் வரும். அந்த ஊருக்கு நான் போனதில்லை. ஆனாலும் யார் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பதிலுக்கு நான் ஒவ்வொரு முறையும் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பாட்டில் ஜாம் வைத்துவிட்டு வருவேன். காசு கொடுக்கிறேன் என்றால் கோபித்துக்கொள்வார். நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டிருந்தோம். அறுவடை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போனது.

பங்குனி, சித்திரை வாக்கில் குரல் கம்ம ஆரம்பித்தது. "தொண்ட கட்டிகிச்சி தங்கச்சி" என்றார். கஷாயம் வைத்துக் குடியுங்கள் என்றேன். நாள் போகப்போகக் குரல் காற்றாகிப்போனது. பிறகு நின்றேவிட்டது. எழுத்தில் மெசேஜ் வந்தது: "பேச முடில. இனிமே எழுதறேன்." எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. வெயில் காலத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டாமல் இருக்கிறது.

அதன் பிறகு சில விஷயங்கள் மாறின. அப்போதே கண்ணில் பட்டன, ஆனால் அவற்றை நான் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை. காலையில் வரும் பூப்படம் நின்றது. பாட்டில்களைச் சுற்றிய செய்தித்தாள் போய், வைக்கோல் வந்தது. ஒரு தடவை மூடிகளில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ஸ்டிக்கர் பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் இருந்தது, கத்தியால் சுரண்டிய கோடுகள் கண்ணாடியில் தெரிந்தன. உடம்பு முடியாததில் யாரிடமோ கொடுத்துக் கழுவச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். மெசேஜ்கள் சின்னதாகிவிட்டன. "பாட்டில் ரெடி." "ஸ்டாண்டுல குடுத்தாச்சி." என்மேல் ஏதாவது வருத்தமோ என்றுகூட யோசித்தேன்.

ஆவணியில் எனக்கு ஒரு அடி விழுந்தது. டவுனில் ஒரு கடைக்காரர் என் பப்பாளி ஜாமை மொத்தமாக எடுத்து அடுக்கியிருந்தார். அவ்வளவும் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. மூடி சரியாக இறுகவில்லை. கொல்லையில் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வாசனைக்கு எறும்பு சாரிசாரியாக வந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். யாரிடம் சொல்வது? பாட்டில் அக்காவுக்குத்தான் எழுதினேன். இனிமேல் ஜாம் போட மாட்டேன் அக்கா, பாட்டில் அனுப்ப வேண்டாம், எல்லாம் போதும் என்று.

மறுநாள் விடியும்போது பதில் வந்திருந்தது.

"அடுப்பு அணைஞ்சா வூடு தாங்காது தங்கச்சி. இன்னிக்கி ஒரு கிலோ பழம் மட்டும் போடு. கொஞ்சமா போடு. ஆனா போடு."

அதைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்து, மரத்தடியில் விழுந்து கிடந்த கொய்யாவைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினேன். அந்த மெசேஜ் வராமல் இருந்திருந்தால் மறுபடி தையல் வேலை தேடிப் போயிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பதிலுக்குப் பிறகு அக்காவை எப்படியும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. வரட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம். வூடு போட்டது போட்டபடி கெடக்குது" என்று வந்தது. இன்னொரு முறை கேட்டபோது பதிலே வரவில்லை. அடுத்த நாள் மட்டும் "பாட்டில் ரெடி" என்று வந்தது.

ஐப்பசியில் மடுகரையில் சொந்தக்காரர் வீட்டில் மஞ்சள் நீராட்டு. வண்டியில் போனேன். திரும்பும்போது பண்டசோழநல்லூர் வழியாகத்தான் வர வேண்டும். சொல்லாமல் போய் நிற்போம், என்ன சொல்லிவிடப் போகிறார் என்று வண்டியைத் திருப்பினேன். வீடு எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், நீலக் கேட், மாடிப்படி பாதியில் நிற்கும் வீடு என்று எப்போதோ குரலில் சொல்லியிருந்தார்.

கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு அரிசிப் பை, அதற்குள் காலி பாட்டில்கள். யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சரியான வீடுதான் என்று சந்தோஷமாக இருந்தது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தேன்.

மணி என் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

திரும்பினேன். சேறு காயாத காலோடு ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதை ஒட்டிய வயது இருக்கும். சட்டைப் பையில் போன் வெளிச்சமாக அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

"அலோ" என்றார். அந்த அலோ என் காதிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது.

நான் போனை இறக்கினேன். "அக்கா இல்லீங்களாண்ணா?"

"நீ பாகூர் பொண்ணா?"

"ஆமாண்ணா."

"உள்ள வாம்மா. அவ இல்ல."

"வெளிய போயிருக்காங்களா?"

அவர் சைக்கிளைச் சாத்தினார். குனிந்து அரிசிப் பையை எடுத்தார். பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று மோதாமல் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். பிறகுதான் சொன்னார்.

"ஆடியில பூட்டாம்மா."

 அவர் பின்னாலேயே உள்ளே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. முன்னறையில் மாலை போட்ட படம் இருந்தது. அக்காவின் முகத்தை அப்போதுதான் நான் முதன்முதலில் பார்க்கிறேன். அந்தக் குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த உருவம் வேறு. பெரிய உடம்பு, வட்ட முகம், நெற்றி நிறையப் பொட்டு என்று நினைத்திருந்தேன். படத்தில் ஒல்லியான ஒரு பெண், போட்டோவுக்கு நிற்கத் தெரியாமல் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருந்தது.

"தொண்டையில கட்டி" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். "மொதல்ல ஒன்னியும் தெரில. சளினு உட்டுட்டோம். ஆஸ்பத்திரிக்கி அலைஞ்சோம். கடைசியில தண்ணிகூட எறங்கல."

நான் கஷாயம் குடிக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஆடியிலயா?" என்று கேட்டேன். "ஆடிக்கப்புறமும் எனக்கு மெசேஜ் வந்துதேண்ணா."

"நான்தான்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

 பின்கட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவர் கெட்டவர் என்று பயம் இல்லை. படத்தில் இருக்கிற அந்தப் பெண்ணிடம், அவர் போன பிறகு, நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். மழை பெய்யுதா அக்கா என்று கேட்டிருக்கிறேன். இங்கே நல்ல மழை என்று பதில் வாங்கியிருக்கிறேன்.

"ஏண்ணா சொல்லல?"

அவர் அரிசிப் பையைக் காட்டினார்.

"இது வந்துகினே இருக்குதுமா. காரியத்துக்கு வந்தவங்ககூட கையில ரெண்டு பாட்டில் எடுத்தாந்தாங்க. அவ கேட்டு வெச்சிருந்தா இல்ல, தெரு முழுக்க. அவங்கவங்களும் காலி ஆக ஆகக் கொண்டாந்து குடுத்துட்டு, வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறாங்க. சாப்ட்டியானு கேக்கறாங்க. வேணாம்னு சொல்லிட்டா அதுவும் வராது. எம்பொண்ணு கடலூர்ல இருக்குது, எப்பவாவது வரும். வூட்ல வேற யாரு இருக்கா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "பாட்டில கழுவி வெச்சிட்டா உங்கிட்ட சேக்கணும். உங்கிட்ட சேக்கணும்னா மெசேஜ் போடணும். அவ போன்லதான் உன் நம்பர் இருக்குது. அவ போட்ட மாதிரியே போட்டேன்."

நான் என் போனை எடுத்து அந்த ஆவணி மெசேஜைத் தேடிக் காட்டினேன். அடுப்பு அணைஞ்சா வூடு தாங்காது. "இதுவும் நீங்கதானாண்ணா?"

போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தார். எழுத்துக்கூட்டி, உதடு அசைய. இன்னொரு முறை படித்தார்.

"நானா எழுதனேன் இத?" என்றார். "ஞாபகம் இல்லியேம்மா."

"தேதி பாருங்க. ஆவணி."

"ஆவணிதான். அப்ப நான்தான் எழுதியிருக்கணும்." சொன்னாரே தவிர, முகத்தில் நம்பிக்கை இல்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்பு மேடையில் ஒன்றும் இல்லை. தூக்குச்சட்டி ஒன்று மூடியபடி இருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார். "அவ பேசிப் பேசி அனுப்புவாளே. அது உன் போன்ல இருக்குதா?"

"இருக்கும்ணா. உங்க போன்லயே இருக்குமே."

"இதுல இல்ல. எடம் இல்லனு பொண்ணு எல்லாத்தயும் அழிச்சிட்டுது. அதுக்கு இன்னா தெரியும், பாவம். அழிச்சப்ப அவ உயிரோடதான் இருந்தா."

மேலே மேலே தள்ளிப் போனேன். பழையவற்றில் பாதி திறக்கவில்லை. என் போனும் மாறியிருந்தது. வெறும் கோடு மட்டும் தெரிந்தது, அழுத்தினால் சத்தம் வரவில்லை. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று திறந்தது.

டீச்சர் வீட்டுக் காபித்தூளைப் பற்றிய பேச்சு அது. ஒன்றும் விசேஷமில்லாத பேச்சு. கோழி கத்தியது, குக்கர் சத்தம் போட்டது. நடுவில் தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "மம்புட்டிய எங்கடி வெச்ச?" என்று கேட்டது. அக்கா போனிலிருந்து வாயை நகர்த்தி, "மோட்டார் கொட்டாயில பாருய்யா, எல்லாத்துக்கும் என்னயே கேளு" என்று கத்திவிட்டு, மறுபடி என்னிடம் சிரித்தபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அது நான்" என்றார். "மம்புட்டி கேட்டது நான்." கொஞ்சம் கழித்து, "மோட்டார் கொட்டாயிலதான் இருந்துது" என்றார்.

திறந்தவை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். கைவிரல் எண்ணிக்கைக்குக்கூட வரவில்லை. அவர் அழவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும், இன்னொன்று இருக்குமா என்று கேட்பது போல முகத்தைத் தூக்கினார். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எழுந்தேன். அந்த அரிசிப் பையை என் வண்டியில் வைத்துக் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த ஆளுதான் எழுதியிருப்பாரு, வேற யாரு? துக்கத்துல எழுதனது ஞாபகம் இருக்காது" என்றார். சரிதான். நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனாலும் சில நாட்களுக்கு அந்தப் பாட்டில்களைத் தொட முடியவில்லை. அலமாரியில் பழையவையும் புதியவையும் கலந்து நின்றன. எது அக்கா கை பட்டது, எது அவர் கை பட்டது என்று பிரிக்கப் பார்த்தேன். கீறல் இருப்பது அவருடையது. கீறல் இல்லாதது? அவரும் கழுவிக் கழுவிப் பழகியிருப்பாரே. சூடான ஜாம் ஊற்றிய பாட்டில்கள் ஆறும்போது மூடி உள்வாங்கி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இறுகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அதைக் கேட்டால் சந்தோஷப்படுவேன். இப்போது ஒவ்வொரு 'டக்'குக்கும் திரும்பிப் பார்த்தேன்.

போனிலும் அப்படியே. மெசேஜ்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடி எது, ஆனி எது என்று தேதியில் தெரிந்தது. ஆனால் எழுத்தை மட்டும் படித்தால் எந்த இடத்தில் ஒருவர் நின்று இன்னொருவர் தொடங்கினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனியில் வந்த ஒன்று அவர் எழுதியது போல இருக்கிறது. ஐப்பசியில் வந்த ஒன்றில் அக்கா சிரிப்பது கேட்கிறது.

ஒரு நாள் மறுபடியும் வந்தது. "பாட்டில் ரெடி." ரோஜாப்பூ படத்துக்குப் பக்கத்தில்.  அவர்தான் என்று தெரியும், தெரிந்தும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று பதில் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. மூன்றாம் நாள் இன்னொன்று வந்தது. "கோவமாம்மா?"

தங்கச்சி என்று இல்லை. அம்மா என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அவர் முகம் தெரிந்தது. உட்கார்ந்து, திறக்கிற குரல் மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அந்த நம்பருக்கே அனுப்பினேன். அக்காவின் குரலை அக்காவின் போனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கு அடையாளமாகக் குறி நீலமாக மாறியது. 

அதற்கு அடுத்த மாதம் நானே பண்டசோழநல்லூருக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். கேட் திறந்திருந்தது. மாடிப்படியைத் தாண்டி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகும்போது அக்காவின் குரல் கேட்டது.

"சாம்பல் போட்டு தேய். வழுக்கிகினு வந்துடும்."

கால் அப்படியே நின்றுவிட்டது. நான்தான் அனுப்பினேன் என்பது ஒரு நொடிக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு நொடியில் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போன் சாய்த்து வைத்திருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பாட்டிலுக்குச் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தார். குரல் முடிந்ததும் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அது மறுபடி சொன்னது. "ம்" என்றார்.

கூப்பிட மனம் வரவில்லை. வாசல் பக்கம் வந்து, வண்டி ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். குரல் நின்றது. துண்டில் கை துடைத்தபடி வந்தார். "வாம்மா, இப்பதான் வந்தியா?" என்றார். இப்போதுதான் என்றேன்.

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை போய் வருகிறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்கு வேலை இல்லை. அந்தத் தெருப் பெண்களில் சிலர் என்னிடம் நேரிலேயே பாட்டில் கொடுக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் அவர் வீட்டு வாசலில்தான் வைக்கிறார்கள். அவருக்கு ஜாம் பிடிக்காது என்று பிறகு தெரிந்தது. நான் வைத்துவிட்டு வந்ததை எல்லாம் எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோகிறேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வேன் என்றார். கஞ்சி அவரே வைக்கிறாராம்.

இந்த வருஷம் எங்கள் குரூப்பில் ஜாம், தொக்கு, ஊறுகாய் போடுகிற பெண்கள் எல்லாம் சேர்ந்து டவுனில் ஒரே கடையில் புது பாட்டில்களைப் பெட்டி கணக்கில் எடுத்தோம். பங்கு பிரித்துக்கொண்டதில் விலை கட்டுப்படியானது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி. கடைக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். பழைய பாட்டில் இனி எனக்குத் தேவையில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. போன மாதமும் போய் ஒரு மூட்டை எடுத்து வந்தேன். "இத்த எல்லாம் இன்னா பண்ணப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுங்கள், அடுக்கி வைக்க இடம் போதவில்லை என்றேன்.  ஞாயிற்றுக்கிழமை கீற்று வாங்கி வந்து போட்டுக் கொடுத்தார்.